பன்னிரண்டு சொட்டு நீலம்

சௌந்தரராஜனிடம் இருபத்துநான்கு விண்கப்பல்கள் இருந்தன. எல்லாம் மேசைமேல் வைத்து விளையாடுகிற போர்க்கப்பல்கள். பெரியது பதினோரு சென்டிமீட்டரும் நான்கு மில்லிமீட்டரும். சிறியது இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் நிற்கும். குச்சியின் அடி ஒரு கருப்பு வில்லையில் ஊன்றியிருக்கும். வில்லையைத் திருப்பிப் பார்த்தால் கப்பலின் எண், பூச்சு முடிந்த தேதி, பெயர் மூன்றும் இருக்கும். பெயருக்காக அவர் அதிகம் மெனக்கெடவில்லை. கம்பெனி பஸ்களின் ரூட் பலகையில் இருந்த ஊர்களை எடுத்துக்கொண்டார். பலகை தீர்ந்த பிறகு பஸ்ஸில் வருகிறவர்களின் ஊர்களை எடுத்துக்கொண்டார். தலைமைக் கப்பல் கிருஷ்ணகிரி. அதற்குத் துணை சூளகிரி, பேரிகை, தளி, கெலமங்கலம். பாய்ந்து போய் அடித்துவிட்டுத் திரும்பும் சின்னக் கப்பல்களில் ஒன்று நாட்றாம்பாளையம். அந்த ஊரை அவர் பார்த்ததில்லை.

எல்லாக் கப்பலும் ஒரே நீலம். மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு மேற்கே தெரியும் வானத்தின் நீலம் என்று அவர் சொல்வார். அந்த நீலம்தான் அவருடைய படைக்கு அடையாளம், பெருமையும் அதுதான்.

சாத்தூர்க்காரர். 1997 ஜூன் 9, திங்கட்கிழமை, ஓசூரில் மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோல் டாங்க் செய்கிற ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்தாறு. ஒன்பது ஆண்டு கழித்து ஷேட் பூத்தில் நிறுத்தினார்கள். ஷேட் பூத் என்பது சாம்பல் நிறச் சுவரும் பகல் வெளிச்சம் போன்ற விளக்கும் உள்ள சிறிய அறை. லைனில் தொங்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு டாங்கையும் பார்த்து, நிறம் சரியாக இருந்தால் விடவேண்டும், பிசகினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒன்றுக்கு நாற்பத்துநான்கு விநாடி. ஒரு ஷிஃப்டுக்கு அறுநூற்றைம்பது. நிறத்தை அளக்கிற மீட்டர் வந்துவிட்டது, ஆனாலும் டாங்கின் வளைவுகளில் மீட்டர் உட்காராது, அங்கே கண்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாஸ்டர் பேனல் சுவரில் மாட்டியிருக்கும். சந்தேகம் வந்தால் எடுத்து டாங்குக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்பது விதி. சௌந்தரராஜன் அதை எடுத்து யாரும் பார்த்ததில்லை. எடுக்காததால் தப்பு வந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. "பேனல் செவுத்துல இருக்குது, ஷேடு என் கண்ணுக்குள்ள இருக்குது" என்பார். பத்தொன்பது வருடம் நின்று நின்று இடது குதிகாலில் வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை வேறு. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டும் டாங்குகள் வரிசையாகத் தொங்கிப் போவது தெரியும். அந்த பூத்தில் நிற்பது அலுப்பு. ஆனால் அந்த பூத்தில் நிற்காத ஒரு சௌந்தரராஜனை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கப்பல் பழக்கம் வந்தது 2019 ஆகஸ்டில். பாகலூர் ரோட்டில் அக்பர் பாஷா என்பவர் கம்பெனிகளுக்கு மாதிரி உதிரிபாகங்களை முப்பரிமாண அச்சு மெஷினில் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். கம்பெனிக்காக ஒரு பிளாஸ்டிக் பிடிமானத்தை வாங்கிவரப் போன சௌந்தரராஜன், அலமாரியில் உள்ளங்கை நீளத்தில் சாம்பலாக ஒன்றைப் பார்த்தார்.

"இது என்ன பார்ட்டு பாய்?"

"பார்ட்டு இல்லண்ணா. போர்க்கப்பல். ஆகாயத்துல ஓடுறது."

"எந்தக் கம்பெனிக்கு?"

"எந்தக் கம்பெனிக்கும் இல்ல. நாம வெளையாடுறதுக்கு."

சௌந்தரராஜன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "கோடு கோடா நிக்குது. நானூறு நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, எண்ணூறுல தேச்சு, அப்புறம் பிரைமர் அடிக்கணும். இப்படியே கலர் அடிச்சா ரிஜெக்ட்."

"அப்ப நீங்களே அடிச்சுக் குடுங்களேன்" என்று அக்பர் பாஷா அவர் சட்டைப் பையில் அதைப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தபோதுதான் சௌந்தரராஜனுக்கு உறைத்தது. அதுவரை ஆயிரக்கணக்கில் மற்றவர்கள் அடித்த பெயிண்டைக் குறை சொல்லியிருக்கிறார். தன் கையால் ஒரு சாமானுக்கும் பெயிண்ட் அடித்ததில்லை.

அந்தக் கப்பல்தான் கிருஷ்ணகிரி. பதினேழு நாள் ஆனது. அதற்கு நீலம் கலந்தபோதே ஒரு நோட்டுப் போட்டார். வெள்ளை ஆறு சொட்டு, நீலம் எட்டு, கருப்பு ஒன்று. அதன் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் கலந்த சொட்டுகள் தேதியோடு ஏறின.

ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு, மத்தியானம் இரண்டரை மணிக்கு, அக்பர் பாஷாவின் கடை மாடியில் ஆட்டம். இரண்டு மேசையைச் சேர்த்துக் கருப்புத் துணி விரித்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் வெள்ளைப் பெயிண்டைத் தெறித்து நட்சத்திரம் ஆக்கியிருந்தார்கள். கப்பல் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை ஸ்டீல் ஸ்கேலால் அளப்பார்கள்; குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். மூன்றாவது ஆள் கவிப்ரியா. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் லீடர், வயது இருபத்தொன்பது, திண்டுக்கல் பக்கம். அவள் படை துருப்பிடித்த ஆரஞ்சு.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் படையை எதிராளியிடம் ஒப்படைக்க வேண்டும். எதிராளி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பூசாத கப்பலோ, படையின் நிறத்தோடு ஒட்டாத கப்பலோ இருந்தால் வில்லையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஸ்டிக்கர் விழுந்த கப்பல் அன்று மேசைக்கு வரக்கூடாது. விதியைக் கொண்டுவந்தது சௌந்தரராஜன். ஸ்டிக்கர் தாளும் அவர் கொண்டுவந்ததுதான். ஆறு வருடத்தில் கவிப்ரியாவின் கப்பல்களில் எட்டும் அக்பர் பாஷாவின் கப்பல்களில் பதினான்கும் அவர் கையால் ரிஜெக்ட் ஆகியிருக்கின்றன. அவருடையது ஒன்றுகூட இல்லை.

போன வருடம் தீபாவளிக்கு விட்ட மூன்று நாள் லீவில் கடைசி ஆறு கப்பல்களைப் பூசினார். பழைய பதினெட்டும் முட்டை அட்டைகளில் பஞ்சு சுற்றி அலமாரிக்கு மேலே இருந்தன. இறக்கி ஒப்பிட்டுப் பார்க்க அலுப்பு. ஸ்டூல்மேல் ஏறினால் குதிகால் கேட்காது. நோட்டில் இருந்த கணக்குக்குக் கலந்து பார்த்தார். நீலம் செத்துக் கிடந்தது, சாம்பல் பூத்த மாதிரி. பாட்டில் பழசாகிவிட்டது என்று நினைத்தார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு நீலம் சேர்த்தார். மனசுக்குள் இருந்த நீலம் வந்ததும் நிறுத்தினார்.

அன்று காலைதான் அவர் மனைவி ரங்கம்மாவோடு ஒரு சின்ன வாக்குவாதம். பாகலூர்க்காரியான அவளுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு.

"ஏமண்டி, சேலை எப்படி இருக்குது?"

"நல்ல நாளும் அதுவுமா கருப்பு கட்டணுமா?"

"கருப்பா? நல்லா பாருங்க. நீலம். கடையில நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"கடை லைட்டுல அப்படித் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிறு. ஆறு புதுக் கப்பல்களோடு முழுப் படையும் முதல் தடவையாக மேசைக்கு வந்தது. எதிராளி கவிப்ரியா. அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஆறு புதுக் கப்பலுக்கும் ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

சௌந்தரராஜன் சிரித்தார். "ஏம்மா, எட்டுக் கப்பலுக்குப் பழி வாங்குறியா?"

"இல்ல சார். ஷேடு வேற."

"எது வேற?"

"இது ஆறும். வேற பேட்ச் பெயிண்ட்டா?"

அவர் பதினெட்டாவது கப்பலையும் பத்தொன்பதாவது கப்பலையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மூன்று மணி வெயில். இரண்டையும் ஒட்டிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். ஒரே நீலம்.

"பாய், நீ பாரு."

அக்பர் பாஷா கப்பலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். "லைட்டு சரியில்லண்ணா. விடுங்க, ஆடலாம். கவி, ஸ்டிக்கர எடும்மா."

ஆடலாம் என்று சொன்ன அந்தக் குரல்தான் சௌந்தரராஜனுக்கு விஷயத்தைச் சொன்னது. பெயிண்ட் ஷாப்பில் ஒரு பையன் கூச்சப்பட்டு மறைக்கிற குறையை அவர் குரலை வைத்தே பிடிப்பார்.

"எடுக்க வேணாம்" என்றார். பதினெட்டுக் கப்பலோடு ஆடினார். எப்படி ஆடினார் என்பது அவருக்கு நினைவில்லை. சூளகிரியும் தளியும் ஒரே சுற்றில் போயின. கவிப்ரியா, "சூளகிரி அவுட்டு சார்" என்றாள். அவர் கப்பலை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் கப்பலிலிருந்து பதினோராவது வரை, 2019 முதல் 2021 வரை, நீலம் எட்டு. பன்னிரண்டு முதல் பதினான்கு வரை, 2022-ல், நீலம் ஒன்பது; பக்கத்தில் 'மங்கலாகத் தெரிந்ததால்'. பதினைந்து முதல் பதினெட்டு வரை, 2024-ல், நீலம் பத்து, 'மங்கலாகத் தெரிந்ததால்'. கடைசி ஆறுக்குப் பன்னிரண்டு. அதற்கும் பக்கத்தில் அதே 'மங்கலாகத் தெரிந்ததால்'. ஒவ்வொரு தடவையும் முந்தைய பக்கத்தைப் பார்த்து அதன்மேல் ஒன்றோ இரண்டோ கூட்டியிருக்கிறார். முதல் பக்கத்துக்குப் போனதே இல்லை. எழுதியதெல்லாம் அவர்தான், படித்தது அன்றுதான்.

டிசம்பர் 10, புதன்கிழமை கம்பெனியில் கண் சோதனை. ஷேட் பூத்தில் நிற்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை. தோற்றால் பூத் போய்விடும். இருபத்துநான்கு நாள் இருந்தது.

அந்த இருபத்துநான்கு நாளும் அவர் மாஸ்டர் பேனலை எடுத்தார். ஒவ்வொரு நீல டாங்குக்கும் எடுத்துப் பிடித்தார். கை ஓய்ந்துபோனது, லைன் இரண்டு தடவை நின்றது. பிடித்தும் பயனில்லை, அவருக்கு எல்லாம் ஒட்டித்தான் தெரிந்தது. கடைசியில் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டினாலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். பெயிண்ட் ஷாப் மேனேஜர் அண்ணாதுரை வந்து பார்த்தார்.

"என்னங்க சௌந்தர், இந்த வாரம் நல்லதையும் சேர்த்து ரிஜெக்ட் பண்றீங்க?"

"சந்தேகம் சார்."

"உங்களுக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சோதனை அவருக்கு மனப்பாடம். மரப்பெட்டி நான்கு. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேற்பட்ட சிறு மூடிகள். ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போகும் மூடிகளைக் கலைத்துக் கொடுப்பார்கள், வரிசையாக அடுக்கவேண்டும். பத்தொன்பது வருடமாக அதே பெட்டிகள். நீலப் பெட்டியில் ஏழு மூடிகளின் விளிம்பில் ஏதாவது அடையாளம் உண்டு. ஒன்றில் பிறை போலக் கீறல், ஒன்றில் கிரீஸ் கறை, ஒன்று லேசாக உடைந்தது. எது எந்த இடம் என்பது அவருக்குத் தெரியும். வேண்டுமென்று பார்த்து வைத்ததல்ல. குறை தேடியே பழகிய கண்ணுக்கு அது தானாகப் படிந்துவிட்டது. இடையில் இருப்பவற்றை முன்பின் வைத்தாலும் பாஸ் மார்க்குக்கு அந்த ஏழு போதும்.

சோதனை அன்று கம்பெனி டாக்டர் பெட்டியைத் திறந்து வைத்தார். முதல் மூன்று பெட்டிகளை ஓரளவு முடித்தார். நீலப் பெட்டி வந்தது. மூடிகள் எல்லாம் ஒரே அழுக்கு நிறத்தில் கிடந்தன, கடலை உருண்டைகள் மாதிரி. கீறல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். கறை படிந்ததை எடுத்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் ஏழும் இடத்தில் இருந்தன. குதிகால் வலித்தது. உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தது. இந்த ஏழு மூடிகளை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் நிற்கலாம். மூன்றரை வருடம் நின்றால் ரிட்டயர்மென்ட். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூற்றைம்பது டாங்க், ஒவ்வொன்றிலும் எதையோ தேடிக்கொண்டு.

அடுக்கிய மூடிகளைக் கையால் கலைத்துவிட்டார்.

"என்னாச்சுங்க?" என்றார் டாக்டர்.

"பாக்காமலே அடுக்க முடியுதுங்க டாக்டர். பாத்து அடுக்க முடியல."

டாக்டர் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். இரண்டிலும் புரை. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி, நீலம்தான் முதலில் போகும் என்றார். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் வந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணினால் பார்வை திரும்பும். ஆனால் ரிப்போர்ட்டில் இன்றைக்கு உள்ளதைத்தான் எழுதமுடியும் என்றார். எழுதுங்கள் என்றார் சௌந்தரராஜன்.

மறுநாளே பூத்தில் வேறு ஆள். அண்ணாதுரை அவரை ஓரமாகக் கூட்டிப்போய், "போன சரக்கெல்லாம் மீட்டர்லயும் பாஸானதுதான், மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். பூத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏப்ரல்ல திரும்ப டெஸ்ட் வைக்கலாம். அதுக்குள்ள அந்தப் பையன் செட் ஆயிட்டான்னா… பாப்போம்" என்றார். சௌந்தரராஜனை லைனின் தொடக்கத்தில், டாங்குகளைக் கொக்கியில் மாட்டும் இடத்தில் விட்டார்கள். அங்கே டாங்குகள் எல்லாம் வெறும் தகரம். நிறமே கிடையாது.

"இதுக்கா இவ்வளவு நாள் கண்ணக் காட்டாம இருந்தீங்க" என்றாள் ரங்கம்மா. "என் சேலையக் கருப்புன்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்." அவள்தான் ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கினாள்.

ஜனவரி 7, புதன்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன். இடது கண் ஒரு மாதம் கழித்து. கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி நாற்காலியை. நீல நாற்காலி. இவ்வளவு நீலமாக ஒரு நாற்காலியை எதற்குச் செய்தார்கள் என்று தோன்றியது. இடது கண்ணால் பார்த்தால் அது பழைய நாற்காலி. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. அதற்குத் தெம்பு இல்லாமல் இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு, மாடிக்குப் போனார். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் ஆட்டம். அன்றும் எதிராளி கவிப்ரியா. முட்டை அட்டைகளைத் திறந்து இருபத்துநான்கையும் அவரே கருப்புத் துணிமேல் எண் வரிசையில் நிறுத்தினார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

கடைசி ஆறும் கூச்சலிட்டன. அது தெரிந்த விஷயம். மற்றது நோட்டில் மட்டும் பார்த்த விஷயம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் இன்னொரு கோடு. ஒரு படை இல்லை, நான்கு படை. கையை எடுத்து வலது கண்ணை மூடினார். எல்லாம் ஒன்றாகிப் படுத்துக்கொண்டன.

"பாய்" என்றார் திரும்பாமல். "பன்னெண்டாவது கப்பல்லயே இது தெரியுமா உனக்கு?"

அக்பர் பாஷா டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். "பதினஞ்சாவதுலதாண்ணா தெரிஞ்சுது. அப்புறம் திரும்பிப் பாத்தா பன்னெண்டுலயும் இருந்துச்சு."

"ரெண்டு வருஷமா ஸ்டிக்கர் ஒட்டாம வெச்சிருந்தே."

"பதினாலு கப்பல் எனக்கு ரிஜெக்ட் பண்ணிருக்கீங்க. ரிஜெக்ட் பண்ற ஆள யாருண்ணா ரிஜெக்ட் பண்றது?"

"நான்" என்றாள் கவிப்ரியா. "ஆறு. டேட்டோட சொல்லட்டுமா சார்?"

சௌந்தரராஜன் கையை நீட்டினார். அவள் புரிந்துகொண்டு ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தாள். கடைசி ஆறில் பழைய ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை ஏழு ஸ்டிக்கர் ஒட்டினார். ஒவ்வொன்றும் நேராக, வில்லையின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில். பதின்மூன்று கப்பலையும் எடுத்து மேசைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக வைத்தார். போச்சம்பள்ளி, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் எல்லாம் பெஞ்சுக்குப் போயின.

"திரும்ப அடிச்சிடலாம்ணா" என்றார் அக்பர் பாஷா. "ரெண்டு வாரம் போதும். நான் பிரைமர் அடிச்சுத் தரேன்."

"இன்னொரு கண்ணு முடியட்டும். அதுவரைக்கும் பெயிண்டத் தொட மாட்டேன்." சற்று யோசித்தார். "ஏப்ரல்ல அந்த டெஸ்டும் இருக்குது. பெட்டிய மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன். புதுப் பெட்டி வந்தாத்தான் உக்காருவேன்."

"வரலன்னா?"

"கொக்கியில மாட்ட ஆள் வேணுமில்ல."

கவிப்ரியா துருப்பிடித்த ஆரஞ்சுப் படையை மேசையின் அந்தப் பக்கம் அடுக்கி முடித்திருந்தாள். இருபத்திரண்டு கப்பல். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரியும் அதன் பின்னால் பத்தும்.

"சார், பதினொண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"தோப்பேன்" என்றார் சௌந்தரராஜன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டார். "பகடையப் போடும்மா. நாலரைக்கு ரங்கம்மா சொட்டு மருந்து விடணும்னு சொல்லியிருக்கா."